உப்புக்காற்று ஊரில் கம்ப்யூட்டருக்கு ராம் கூட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் சித்தப்பா போன் செய்தார். "சிஸ்டம் ஒரேயடியா தூங்குதுப்பா. டேலியைத் திறந்துட்டு டீக்கடைக்குப் போய்ட்டு வந்துடலாம். ராம் போடணும்னு சொல்றாங்க, வாங்கிடவா?" மீன் ஏலக் கணக்கு முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. சாயங்காலம் தங்கை அதிலேயே நீட் வகுப்பு வீடியோ பார்ப்பாள். "இப்ப எதுவும் வாங்காதீங்க சித்தப்பா, ஞாயித்துக்கிழமை நான் வர்றேன்" என்றேன்.

ராம் (கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) மாட்டுவது ஐந்து நிமிட வேலை. நம் கம்ப்யூட்டரின் போர்டு (மதர்போர்டு) எந்த ராமை ஏற்கும் என்று தெரிந்துகொள்வதில்தான் பாதி நாள் போகும். தெரியாமல் வாங்கிவிட்டு, கடைக்கும் வீட்டுக்கும் நடப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கட்டுரையில் ஸ்க்ரூடிரைவர் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

முதலில், குறை ராமில்தானா?

தினமும் என்னென்ன திறந்து வைப்பீர்களோ அத்தனையையும் திறங்கள். டேலி, குரோமில் ஏழெட்டு டேப், வாட்ஸ்அப், எல்லாம். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைச் சொடுக்குங்கள்.

மெமரி, அதாவது ராம், 85, 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது, கூடவே டிஸ்க்கும் 100-ஐத் தொட்டுத் தொட்டு இறங்குகிறது என்றால் ராம் போதவில்லை. ராமில் இடமில்லாதபோது விண்டோஸ் கொஞ்சத்தை எடுத்து ஹார்டு டிஸ்க்கில் வைக்கும், தேவைப்பட்டதும் திரும்ப எடுத்துவரும். ஏலம் போடும் தளம் சின்னதாக இருந்தால் கூடைகளை வண்டியில் ஏற்றுவதும் இறக்குவதுமாகவே விடிந்துவிடும், ஏலம் நடக்காது. அதே கதைதான்.

மெமரி 50, 60 சதவீதத்திலேயே இருக்கிறது, டிஸ்க் மட்டும் 100-இல் நிற்கிறது என்றால் ராம் வாங்கிப் பயனில்லை. அந்தக் காசுக்கு ஒரு எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) போடுங்கள். ஆன் செய்தால் மட்டும் நேரமாகிறது, வந்த பிறகு நன்றாகவே ஓடுகிறது என்பவர்களுக்கும் இதே பதில். பழைய ஹார்டு டிஸ்க்கோடு ஓடும் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி தரும் வித்தியாசத்தை ராம் தராது. இரண்டையும் செய்ய முடிந்தால் நல்லது. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இந்தச் சோதனை சொல்வதைக் கேளுங்கள்.

சித்தப்பா சிஸ்டத்தில் மொத்தம் 4 ஜிபி. டேலியும் குரோமும் திறந்ததுமே 92 சதவீதம். சந்தேகமே இல்லை, ராம்தான்.

எவ்வளவு வேண்டும்? கணக்கு, பிரவுசர், வீடியோ வகுப்பு என்று ஓடும் வீட்டுக்கு 8 ஜிபி தாராளம். போட்டோஷாப், வீடியோ எடிட்டிங், புது கேம் என்றால் 16. அதற்கு மேல் யாராவது வாங்கச் சொன்னால், எதற்கு என்று ஒரு முறை கேளுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் பக்கத்தில் உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று போட்டிருக்கும். 32 பிட் என்றால் எத்தனை ஜிபி மாட்டினாலும் 4 ஜிபிக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. அந்த நான்கிலும் மூன்று, மூன்றேகால்தான் கைக்கு வரும். முதலில் 64 பிட் விண்டோஸ் போட வேண்டும், ராம் பிறகு.

போர்டு எதை ஏற்கும்?

டாஸ்க் மேனேஜரின் அதே மெமரி பக்கத்தில் வலது கீழ் மூலையைப் பாருங்கள். ராமின் வேகமும், ராம் மாட்டும் இடங்களான ஸ்லாட்டுகளில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் அங்கே இருக்கும். இன்னும் விவரம் வேண்டுமென்றால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்குங்கள். மெயின்போர்டு பக்கத்தில் போர்டின் மாடலும், எஸ்பிடி பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டில் இருக்கும் ராம் ஸ்டிக்கின் ஜாதகமும் கிடைக்கும். மாடல் தெரிந்ததும் போர்டு தயாரித்த கம்பெனியின் தளத்தில் அதைத் தேடி, அதிகபட்சம் எத்தனை ஜிபி, ஒரு ஸ்லாட்டுக்கு எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ராமில் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு. தலைமுறை மாறினால் எதுவும் ஒத்துவராது. டிடிஆர்3 ஸ்டிக்கில் 240 பின், மின்னழுத்தம் 1.5 வோல்ட். டிடிஆர்4-இல் 288 பின், 1.2 வோல்ட். டிடிஆர்5-க்கும் 288 பின்தான், ஆனால் 1.1 வோல்ட், நடுவில் உள்ள வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். ஒன்றை இன்னொன்றின் ஸ்லாட்டில் உட்கார வைக்கவே முடியாது. உட்காரவில்லையே என்று கட்டை விரலால் பலம் காட்டி ஸ்லாட்டை உடைத்தவர்கள் உண்டு.

நம் பக்கத்து வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் போர்டுகளில் நான் அதிகம் பார்ப்பது எச்61, எச்81, எச்110. எச்61 இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் புராசஸருக்கானது. எச்81 நான்காம் தலைமுறைக்கு. இரண்டிலும் இரண்டே ஸ்லாட், டிடிஆர்3, அதிகபட்சம் 16 ஜிபி. எச்110-இல் பெரும்பாலும் டிடிஆர்4, 32 ஜிபி வரை போகலாம். எச்110 போர்டு சிலவற்றில் டிடிஆர்3 ஸ்லாட்டும் உண்டு என்பதால் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள். அதற்கும் முந்தைய ஜி41 போர்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: 4 ஜிபி ஸ்டிக்கில் 16 சிப் (கறுப்புக் கட்டங்கள்) இருந்தால் அது ஏற்கும், 8 சிப் மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஏற்காது. எச்61-க்கு 8 ஜிபி ஸ்டிக் வாங்கும்போதும் இரண்டு பக்கமும் எட்டெட்டு சிப் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்டிக்கரில் பிசி3-12800 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அந்தப் பெரிய எண்ணை 8-ஆல் வகுத்தால் வேகம் வந்துவிடும். 12800-ஐ வகுத்தால் 1600. பிசி4-19200 என்றால் 2400. பிசி4-25600 என்றால் 3200. வேகமான ஸ்டிக்கை மெதுவான போர்டில் போட்டால் அது போர்டின் வேகத்துக்கு இறங்கி ஓடும், அவ்வளவுதான். பழைய ஸ்டிக் 1333, புதிது 1600 என்றால் இரண்டுமே 1333-இல் ஓடும். அதனால் வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பது பழைய சிஸ்டத்தில் வீண். மூன்றாம், நான்காம் தலைமுறை இன்டெல் 1600-க்கு மேல் போகாது, ஆறாம் தலைமுறை டிடிஆர்4-இல் 2133, ஏழாம் தலைமுறை 2400.

ஒரே ஸ்டிக்கா, இரண்டா? முடிந்தால் ஒரே அளவில் இரண்டு. இரண்டு பாதையில் டேட்டா போகும், அதற்கு டூயல் சேனல் என்று பெயர். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டரில் இது இன்னும் நல்லது, ஏனென்றால் திரைக்கான வேலைக்கும் அந்த ராமையேதான் எடுத்துக்கொள்ளும்.

சித்தப்பாவுடையது எச்61, மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ஸ்டிக் ஒன்று, ஒரு ஸ்லாட் காலி. இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 போதும் என்று முடிவு செய்தோம். 8 ஜிபி ஸ்டிக்காக வாங்கி 12 ஆக்கலாமே என்றாள் தங்கை. ஆக்கலாம்தான். ஆனால் இந்தச் சிஸ்டத்துக்கு ஆயுள் கொஞ்சம்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும். மூன்றாம் தலைமுறைப் பெட்டிக்குள் நிறையக் காசு போடுவது ஓட்டைப் படகுக்குப் புது மோட்டார் வாங்குவது மாதிரி. சின்னச் செலவோடு இரண்டு வருடம் தள்ளினால் போதும்.

எங்கே வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது

"பாண்டிக்குப் போனா வரி கம்மி" என்ற பேச்சு கடலூரில் இன்னும் இருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு கம்ப்யூட்டர் பாகங்களுக்கு இரண்டு ஊரிலும் 18 சதவீதம்தான். கடைக்குக் கடை விலை மாறலாம், வரி மாறாது. பஸ் ஏறி, கூட்டத்தில் நின்று, நேரு வீதி வரை போய் நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதைவிட, மஞ்சக்குப்பத்திலோ திருப்பாப்புலியூரிலோ தெரிந்த கடையில் வாங்குவது நல்லது. மாட்டி வேலை செய்யவில்லை என்றால் சாயங்காலமே போய் நிற்கலாம். பாண்டிக்காரர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: பக்கத்துக் கடை. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் சட்டை வாங்குங்கள், பழைய புத்தகம் வாங்குங்கள். ராம் வேண்டாம், அங்கே மாட்டிப் பார்க்க முடியாது.

2025 கடைசியிலிருந்து டிடிஆர்4, டிடிஆர்5 விலை கிறுகிறுவென ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு மெமரி தேவை கூடியதால், சிப் கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. க்ரூஷியல் என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு விற்றுவந்த வியாபாரத்தையே நிறுத்தப் போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் போன வருடம் நண்பர் வாங்கிய விலையை மனதில் வைத்துக்கொண்டு கடையில் சண்டை போடாதீர்கள். இரண்டு கடையில் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

டிடிஆர்3-க்குப் பெரும்பாலும் பழைய ஸ்டிக்தான் கிடைக்கும். ராம் அவ்வளவு சீக்கிரம் கெடும் பொருள் இல்லை, பழையது வாங்குவதில் தப்பில்லை. ஆனால் மூன்று விஷயம் பாருங்கள். ஆன்லைனில் மலிவாக வரும் சில ஸ்டிக்குகள் ஏஎம்டி போர்டில் மட்டும்தான் ஓடும், அது சின்ன எழுத்தில் எங்கேயாவது இருக்கும். ஈசிசி ரெஜிஸ்டர்டு என்று இருந்தால் அது சர்வரில் இருந்து கழற்றியது, 16 ஜிபி இவ்வளவு குறைந்த விலைக்கா என்று ஆசை காட்டும், வீட்டு போர்டில் ஓடாது. மூன்றாவது ஸ்டிக்கர். பெயர் பெற்ற கம்பெனியின் ஸ்டிக்கர் கோணலாக ஒட்டியிருந்தாலோ, அதில் சீரியல் நம்பர் இல்லாவிட்டாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது பழைய ஸ்டிக்கின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். வாய் வார்த்தையாகச் சொல்வதைவிட அந்தப் படம் ஆயிரம் மடங்கு உதவும். பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். "போர்டு ஏத்துக்கலன்னா மாத்தித் தருவீங்களா?" என்று காசு கொடுப்பதற்கு முன் கேட்பது உங்கள் உரிமை.

மாட்டும் நாள்

கணக்கு ஃபைல்களைப் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். ராம் மாற்றினால் ஃபைல் போகாது. ஆனாலும் தரமில்லாத ராமோடு விண்டோஸ் ஓடினால் எழுதும் ஃபைல் பழுதாகலாம்.

கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, பவர் கேபிளை பெட்டியிலிருந்தே உருவுங்கள். யுபிஎஸ் வழியாக வந்தால் யுபிஎஸ்ஸை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள், கேபிள் வெளியே வர வேண்டும். பிறகு பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கிவிடும்.

உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கும் என்று எல்லா வீடியோவிலும் பயமுறுத்துவார்கள். உண்மைதான். ஆனால் வியர்வை காயாத நம் ஊர் ஈரக்காற்றில் அந்த ஆபத்து குறைவு. ஏசி அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில், பாலியஸ்டர் சட்டையோடு உட்கார்ந்து வேலை செய்தால் மட்டும் கூடுதல் ஜாக்கிரதை. தொடுவதற்கு முன்னும், இடையிடையேயும் கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

நமக்கு எதிரி வேறு. உப்பு.

சித்தப்பா வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். கேபினட்டின் பின்பக்க ஸ்க்ரூ துருவில் இறுகிக் கிடந்தது. இப்படி இருந்தால் பலம் காட்டி மண்டையை வழுக்க விடாதீர்கள். துணி நுனியில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தொட்டு ஸ்க்ரூவில் வைத்து, கால் மணி நேரம் கழித்து, சரியான அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தித் திருப்புங்கள். எதையும் ஸ்ப்ரே செய்ய வேண்டாம், உள்ளே போகும்.

இடது பக்கத் தகட்டை எடுத்து, பெட்டியைப் படுக்க வைத்து, தூசியை மொட்டை மாடியில் ப்ளோயரால் ஊதுங்கள். அப்போது ஃபேன் றெக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் வேகமாகச் சுற்றக் கூடாது.

ஸ்லாட்டின் இரு முனையிலும் இருக்கும் கொக்கியை வெளிப்பக்கம் தள்ளினால் பழைய ஸ்டிக் மேலே எழும்பும். சில போர்டில் ஒரு முனையில் மட்டுமே கொக்கி அசையும். ஓரங்களைப் பிடித்து நேராக எடுங்கள். கீழ் ஓரத்தில் வரிசையாக மின்னுகிறதே, அது தங்க முலாம். மிக மெல்லியது. உப்பும் ஈரமும் அந்த முலாமின் நுண்ணிய துளைகள் வழியே அடியில் உள்ள செம்பைத் தொட்டால் பச்சை பூக்கும், கறுக்கும். தொடர்பு விட்டுவிட்டு வரும். "டிஸ்பிளே வரல, ராம் போயிடுச்சு" என்று என்னிடம் வருகிற பெட்டிகளில் பாதிக்குமேல் ராம் நன்றாகத்தான் இருக்கும், ஓரம்தான் கறுத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை மாதங்களில் இது இன்னும் அதிகம்.

சுத்தம் செய்ய பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பர் போதும். பேனா எழுத்தை அழிக்கும் நீலப் பக்கம் கூடாது, அதில் மணல் போல் பொடி இருக்கும், முலாமையே சுரண்டிவிடும். ஸ்டிக்கை வெள்ளைத் துணிமேல் வைத்து, மேலிருந்து ஓரத்தை நோக்கி ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். துகளைத் தட்டிவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் கிடைத்தால் பஞ்சில் தொட்டு ஒரு முறை துடைத்துக் காயவிடுங்கள். தண்ணீர், பெட்ரோல், சானிடைசர் எதுவும் வேண்டாம். துடைத்த பிறகு விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், வியர்வையிலும் உப்புதான் இருக்கிறது. ஸ்லாட்டுக்குள் மெல்லிய பிரஷ்ஷும் ப்ளோயரும் மட்டும்.

இப்போது புதிது. இரண்டு ஸ்லாட் போர்டில் யோசிக்க ஒன்றுமில்லை, இரண்டையும் நிரப்புங்கள். நான்கு ஸ்லாட் இருந்து இரண்டு ஸ்டிக் மட்டும் போடுவதானால், புராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் என்பது பெரும்பாலான போர்டுகளின் வழக்கம். போர்டில் ஏ2, பி2 என்று பொறித்திருக்கும். ஸ்டிக்கின் வெட்டை ஸ்லாட்டின் மேட்டோடு பொருத்திப் பாருங்கள். வெட்டு சரியாக நடுவில் இருக்காது, அதனால் ஒரு பக்கமாக மட்டுமே உட்காரும். இரண்டு கட்டை விரலால் இரு முனையையும் சமமாக அழுத்துங்கள். 'டக்' என்று கொக்கி தானாக மூடிக்கொள்ள வேண்டும். கொக்கியைக் கையால் மூடினால் அது சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். முதல் தடவை இந்த அழுத்தம் பயமாக இருக்கும், போர்டு லேசாக வளையும், பரவாயில்லை.

தகட்டை மூடாமலேயே கேபிளைச் சொருகி ஆன் செய்யுங்கள்.

டிஸ்பிளே வரவில்லையா?

பதற வேண்டாம், முதல் முறை இப்படி ஆவது சகஜம். டிடிஆர்5 போர்டு என்றால் புது ராமைப் படித்துக்கொள்ள சில நிமிடம்கூட எடுக்கும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும், பொறுத்திருங்கள். மற்றவற்றில் விட்டுவிட்டு நீளமாக பீப் அடித்தால் ராமைத்தான் குறை சொல்கிறது. கேபிளை உருவி, இரண்டையும் எடுத்து, பழையதை மட்டும் போட்டுப் பாருங்கள். வந்தால், அதை எடுத்துவிட்டு அதே ஸ்லாட்டில் புதியதை மட்டும். அதுவும் வந்தால் இரண்டாவது ஸ்லாட்டில் தூசியோ துருவோ. புதியது எந்த ஸ்லாட்டிலும் வரவில்லை என்றால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எதைப் போட்டாலும் வராவிட்டால், போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை (சிஆர்2032) ஐந்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள், பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பும், தேதியை மட்டும் மறுபடி வைக்க வேண்டும். கை பட்டு பவர் கேபிளோ ஹார்டு டிஸ்க் கேபிளோ தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்கே ஒரு முறை அரை மணி நேரம் தலை சுற்றியது, கடைசியில் மானிட்டர் கேபிள்தான் கழன்றிருந்தது.

விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜர். சித்தப்பா சிஸ்டத்தில் 8 ஜிபி காட்டியது, அதில் கொஞ்சம் ஹார்டுவேர் ரிசர்வ்டு என்று இருந்தது. கிராபிக்ஸுக்கு ஒதுக்கியது அது, யாரும் ஏமாற்றவில்லை. பாதி ராமே காணோம் என்றால் ஸ்டிக்கை மறுபடி அழுத்தி உட்கார வையுங்கள். அதன் பிறகும் காணாவிட்டால் ஸ்டார்ட் மெனுவில் எம்எஸ்கான்ஃபிக் என்று தேடித் திறந்து, பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் மேக்சிமம் மெமரி என்ற இடத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். டிடிஆர்4, 5 ஸ்டிக் பெட்டியில் போட்ட வேகத்தைவிடக் குறைவாக ஓடினால், பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற வேக அமைப்பை ஆன் செய்ய வேண்டியிருக்கும், போர்டு அதை ஏற்பதாக இருந்தால்.

கடைசியாக ஒரு சோதனை, இதைத் தவிர்க்காதீர்கள், பழைய ஸ்டிக் வாங்கியவர்கள் முக்கியமாக. ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடினால் வரும், அது சுமார். மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டியிருந்தாலும் அந்த ஸ்டிக் திரும்பப் போக வேண்டியதுதான். "ஒண்ணுதானே" என்று விட்டால் ஒருநாள் டேலி ஃபைல் திறக்காது. கரண்ட் போகாத ராத்திரியாகப் பார்த்து இந்தச் சோதனையை வையுங்கள், நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஓட வேண்டும்.

லேப்டாப் என்றால்

முறை அதேதான், ஸ்டிக் குட்டை. டிடிஆர்3 லேப்டாப் ராமில் 204 பின், டிடிஆர்4-இல் 260, டிடிஆர்5-இல் 262. இன்டெல் நான்காம் தலைமுறையும் அதற்குப் பிறகும் வந்த டிடிஆர்3 லேப்டாப்புகளுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல்தான் வேண்டும். மெல்லிய புது மாடல்களில் ராமைப் போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள், கூட்டவே முடியாது, மாடலைத் தேடி உறுதி செய்துகொண்டு கழற்றுங்கள். கழற்றியதும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிரிப்பது. ஸ்டிக்கைச் சாய்வாகச் சொருகி, கீழே அழுத்தினால் இரு பக்கக் கம்பியும் பிடித்துக்கொள்ளும். வீட்டில் கிடக்கும் அரசு மடிக்கணினிகளில் நிறைய 4 ஜிபியும் அதற்குக் கீழும்தான். பின்மூடியைத் திறந்து காலி ஸ்லாட் இருந்தால் யோகம்.

கழற்றிய ஸ்டிக் மிச்சமிருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை "டிஸ்பிளே வரல" என்று யாராவது கூப்பிடும்போது மாட்டிப் பார்க்க உதவும். புது ராம் வந்த உறையிலேயே போட்டு, செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து, இறுக்கமான டப்பாவில் மூடி வையுங்கள். சித்தப்பாவுக்கு மிச்சம் எதுவும் இல்லை, இருந்திருந்தால் பூஜை அலமாரியில் விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பாராம். கடல் காற்று படாத ஒரே இடம் அதுதானாம்.